பத்தொன்பது மாடிகளின் புகார் அதிகாரி

"அப்பா, நாம பேசுறதெல்லாம் மொதல்ல மேல மாடிக்குப் போயிட்டுத்தானே அடுத்த வீட்டுக்குப் போகுது? அப்போ நடுவுல சாமி எல்லாத்தையும் கேட்டுட்டு, சரின்னு பட்டாதான் கீழ அனுப்புமா?"

பத்து வருடத்துக்கு முன்னால் எட்டு வயது மகள் கேட்ட கேள்வி இது. அப்போது அப்பா ஏணியின் மேல்படியில் நின்று அந்தத் தெருவின் முதல் ஆன்டெனாவை மாட்டிக்கொண்டிருந்தார். வாயில் மூன்று ஸ்க்ரூ இருந்ததால் பதில் சொல்லவில்லை. ஸ்க்ரூ இல்லாவிட்டாலும் அவரிடம் பதில் இருந்திருக்காது. ஏணியில் கால் வைப்பதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடிக் கும்பிடுகிற மனிதர் அவர். சாமி விஷயத்தில் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல அவருக்கு வராது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் லிஃப்ட் அண்ணன்தான். லிஃப்டின் மோட்டார் மொட்டைமாடியில்தானே இருக்கும்? அதனால் தெருவின் மாடிகளெல்லாம் அவருக்குச் சொந்த வீட்டு முற்றம் மாதிரி. எந்த மாடியில் எந்தக் கதவு இடிக்கும், எந்தத் தொட்டி ஒழுகும், எவர் வீட்டுத் துணி எப்போது காயும் என்பது வரைக்கும் தெரியும். மேட்டில் படிக்கட்டும் சந்துமாக ஏறிப்போகிற அந்தத் தெருவுக்கு எந்த கம்பெனியும் இன்டர்நெட் ஒயர் இழுக்க முன்வரவில்லை. வந்து அளந்து பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். செல்போன் சிக்னலோ, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் போய்க் கையைத் தூக்கி நின்றால் ஒரு கோடு வரும், கையை இறக்கினால் போய்விடும். கடைசியில் தெருக்காரர்களே ஒன்று சேர்ந்து, மெயின் ரோட்டில் ஒரு கனெக்‌ஷன் வாங்கி, அதை ஆன்டெனா ஆன்டெனாவாக மாடிக்கு மாடி பகிர்ந்துகொண்டார்கள். ஏணி ஏறுகிற வேலை யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.

அவருக்கு அதில் தன் வீட்டுத் தேவையும் ஒன்று இருந்தது. அவர் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கையால்தான் பேசுவாள். அப்பாவும் மகளும் அந்தப் பேச்சில் கெட்டிக்காரர்கள். மகள் இப்போது தூரத்து ஊரில் நர்ஸ் படிப்புக்குப் போயிருக்கிறாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அம்மாவும் பெண்ணும் போன் திரையில் எதிரெதிரே உட்கார்ந்து கைகளால் அரட்டை அடிப்பார்கள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் அம்மா மற்ற இருபத்துமூன்றரை மணி நேரமும் வேலை செய்கிறாள் என்று லிஃப்ட் அண்ணன் சொல்வார். படம் தெரியாத போன் அவளுக்கு வெறும் பலகைத் துண்டு.

பெரிய ஆன்டெனா நின்றது பேக்கரி மாடியில். மேட்டிலேயே உயரமான கட்டடம் அது. அங்கிருந்துதான் மற்ற மாடிகளுக்கெல்லாம் பிரியும். பேக்கரிக்காரர் இடத்துக்கு வாடகை கேட்கவில்லை, கரன்ட்டுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "வாடகையாவது ஒண்ணாவது. நேரம் கெடச்சா நம்ம குட்டி லிஃப்டைப் பாரு தம்பி, அது போதும்" என்றார். அடுப்பு இருந்தது நிலவறையில், கடை மேலே. சுட்ட ரொட்டித் தட்டுகளை ஏற்றி இறக்க ஒரு சின்னச் சரக்கு லிஃப்ட், அலமாரி அளவில், சுவருக்குள் இருந்தது. அது அப்போதே நின்றுபோயிருந்தது. "அடுத்த வாரம் பாத்துடுறேண்ணே" என்றார் லிஃப்ட் அண்ணன்.

பத்து வருடமாக அது அடுத்த வாரமாகவே இருந்தது. மறந்தார் என்றில்லை. ஊரில் மனிதர்கள் மாட்டிக்கொள்கிற லிஃப்ட்கள் இருக்கும்போது ரொட்டி ஏறுகிற லிஃப்டுக்கு முறை வரவேயில்லை. பேக்கரிக்காரரின் மனைவி தினமும் இருபத்திரண்டு படி தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மேட்டுச் சரிவில் பக்கவாசல் நிலவறை மட்டத்தில் இருந்ததால் மாடிக்குப் போகிற லிஃப்ட் அண்ணனுக்கும் அதே படிதான்; ஆன்டெனாவைப் பார்க்க அவர் ஏறும்போதெல்லாம் அந்த அம்மாள் தட்டோடு ஒதுங்கி வழி விடுவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தெருக்காரர்களுக்கென்று இன்டர்நெட்டில் ஒரு பொதுப் பலகையும் இருந்தது. சாவி தொலைந்தது, பூனை வந்து சேர்ந்தது, தண்ணீர் நின்றது எல்லாம் அதில் வரும். எழுதுகிறவரின் பெயர் அதில் விழாது. எந்த மாடி வழியாகச் செய்தி வந்ததோ அந்த மாடியின் பெயர் மட்டும் விழும். 'தையல் மாடி', 'சலூன் மாடி', 'லிஃப்ட் மாடி' என்று பத்தொன்பது. ஒரு மாடிக்குக் கீழே பத்துப் பதினைந்து வீடு. பேக்கரி மாடிக்குக் கீழே மட்டும் ஒரே வீடு, பேக்கரிக்காரருடையது. ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தெருவில் யார் எழுதினாலும் நாலு வரி படித்தால் யாரென்று தெரிந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் புதுச்சட்டம் வந்தது.

உலகத்தையே பேசவைத்துச் சம்பாதிக்கிற பெரிய பெரிய கம்பெனிகளுக்காகப் போட்ட சட்டம் அது. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருந்தார்கள். ஆனால் நாலு பேர் கூடி எழுதுகிற இடம் எதுவானாலும் அது 'தளம்' என்று அதில் எழுதியிருந்தது. தளம் என்றால் பதிவு செய்ய வேண்டும், புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும், எந்தப் புகாருக்கும் ஒரு நாளைக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், மாதாமாதம் அறிக்கை கொடுக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து. பதிவு போனால் மெயின் ரோட்டுக் கனெக்‌ஷனும் போகும்.

தெருக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அறுபத்துநாலு பக்கத்தையும் கூட்டத்தில் அவரே வாசித்தார். நாற்பதாவது பக்கத்தில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். புகார் அதிகாரி யார் என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் முழித்துக்கொண்டு, கூட்டத்துக்கு வராத ஒருவரைத் தேடினார்கள். லிஃப்ட் அண்ணன் அந்த நேரத்தில் சலூன் மாடியில் ஒரு ஆன்டெனாவை நிமிர்த்திக்கொண்டிருந்தார். இறங்கி வரும்போது அதிகாரியாக இறங்கினார்.

பதிவுப் படிவத்தில் முதல் கேள்வி, பயனாளர்கள் எத்தனை கோடி என்பது. 'ஒரு கோடிக்குக் குறைவு' என்ற கட்டத்தில் அவர் மனசாட்சிக்கு உறுத்தல் இல்லாமல் டிக் போட்டார். தலைமை அலுவலகம் எந்த நாட்டில் என்ற கேள்விக்கு வாத்தியாரின் முன்னறையை எழுதினார். சந்தேகம் கேட்க உதவி எண்ணைக் கூப்பிட்டார், தண்ணீர்க் குழாய் பக்கம் கையைத் தூக்கி நின்றபடிதான். இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்து, உங்கள் கண்காணிப்புப் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் என்று மரியாதையாகக் கேட்டாள்.

"நான் ஒருத்தன்தாம்மா. ஏணியையும் சேத்தா ரெண்டு" என்றார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏணிக்கு அடையாள அட்டை தேவையில்லை என்று சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்காகவும் ஒரு நொடி கண்ணை மூடிக் கும்பிடுவார்.

புகார் கொடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் தெரு சும்மா இருக்குமா? என் பூனையின் படத்தை என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள் என்று ஒரு புகார். கணவர் குறட்டை விடுகிறார் என்று மனைவி பலகையில் எழுதியதை எதிர்த்துக் கணவர் ஒரு புகார். தினமும் காலை வணக்கம் போடுகிறவர் எனக்கு மட்டும் பதில் சொல்வதில்லை என்று தையல்காரம்மா ஒரு புகார். படிவத்தில் எழுதத் தெரியாத லிஃப்ட் அண்ணன் நேரே வீட்டுக்கே போனார். பழக்கதோஷத்தில் டூல்ஸ் பையும் கூடவே போயிற்று. பேசிக்கொண்டே கீச்சிடுகிற கதவுக்கு எண்ணெய் விடுவார், ஆடுகிற நாற்காலிக்கு ஆணி அடிப்பார். கதவு சரியானதும் சண்டையும் பாதி சரியாகிவிடும்.

முதல் மாத அறிக்கையில் நீக்கிய பதிவுகள் பூஜ்யம், முடக்கிய கணக்குகள் பூஜ்யம். 'பிற நடவடிக்கைகள், விவரிக்கவும்' என்ற இடத்தில் அவர் உண்மையைத்தான் விவரித்தார்: 'டீ ஒன்பது. கதவு மூன்று. மன்னிப்பு நான்கு. பூனை சமாதானமாகிவிட்டது.' வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, இதை அனுப்பினால் மேலே என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டார். மேலே யாரும் படிப்பதில்லை என்பது அடுத்த மாதம் தெரிந்தது, நன்றி சொல்லி எல்லோருக்கும் அனுப்புகிற அச்சுப் பதில்தான் வந்தது.

இரண்டாம் மாதம் ஒரு புதன்கிழமை பலகையில் இப்படி ஒரு வரி வந்தது. 'பேக்கரியில் அரைக் கிலோ ரஸ்க் வாங்குகிறவர்கள், அது அரைக் கிலோ இருக்கிறதா என்று வீட்டில் நிறுத்துப் பார்த்ததுண்டா?' மேலே மாடியின் பெயர்: லிஃப்ட் மாடி.

பேக்கரிக்காரர் பலகையைப் பார்க்கிறவர் அல்ல. ஆனால் கடைக்கு வந்தவர்கள் தராசையே பார்த்தார்கள். ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார். வியாபாரம் குறைந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அந்தக் குனிதலைத்தான் தாங்க முடியவில்லை. நாற்பது வருடமாக ஒரே தராசு. முள்ளும் இரண்டு தட்டும் வைத்த பழைய தராசு. கரன்ட் தராசு வாங்கச் சொன்னவர்களிடம், கரன்ட் போனால் நியாயமும் போய்விடுமா என்று கேட்டவர் அவர். அன்று மத்தியானமே மாவு ஒட்டிய காகிதத்தில் புகார் எழுதி, லிஃப்ட் அண்ணன் கையில் கொடுத்தார்.

"உன் மாடிதான் தம்பி. உன் மாடியில யாரு வேணா இருக்கட்டும், எனக்கு ஆள் தெரியணும். இல்லேன்னா என் மாடியில இருக்கிற பெரிய ஆன்டெனாக் கொம்பை நீயே வந்து எறக்கிக்கோ."

சட்டமும் பேக்கரிக்காரர் பக்கம்தான் நின்றது. பொய்த் தகவலால் தொழிலுக்கு நஷ்டம் என்று புகார் வந்தால், முதலில் எழுதியது யார் என்று மூன்று நாளுக்குள் அதிகாரி கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்து. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஆள் கிடைக்கவில்லையென்றால் சட்டமும் துண்டிக்கும், பேக்கரிக்காரரும் துண்டிப்பார். இரண்டில் எது முந்திக்கொண்டாலும் நாலு மணிக்கு மனைவியின் கையில் இருக்கப்போவது பலகைத் துண்டு.

தன் மாடிக்குக் கீழே இருந்த பதினாலு வீட்டில் தன் வீடு போகப் பதிமூன்று வீட்டுக்கும் போனார். கேட்பதற்கு முன்பே ஒருவர் இல்லை என்றார். இன்னொருவர் எதிர்வீட்டைக் கண்ணால் காட்டினார். எதிர்வீட்டுக்காரர் இவரைக் கண்ணால் காட்டினார். முதல் மாடியில் கதை எழுதுகிறேன் என்று வேலையை விட்ட ஒருவர், "நான் எழுதியிருந்தா அண்ணே, இதைவிட நல்லா எழுதியிருப்பேன்" என்று வருத்தப்பட்டார். பதிமூன்று டீயில் வயிறு ஊதியதுதான் மிச்சம். இதில் இன்னொரு கொடுமை, இதுவரை கூடிச் சிரித்த பதினாலு வீடும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்திருந்தது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் செருப்பைக் குனிந்து சரிசெய்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும், மீதி இருந்த பதினாலாவது வீட்டுக்காரியைத் தயக்கத்தோடு பார்த்தார். அவள் வாய் பேசாதவளே தவிர, பார்வையைப் படிக்காதவள் அல்ல. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பொரிந்து தள்ளினாள். சுருக்கமாகச் சொன்னால், இருபது வருடம் கூட வாழ்ந்தும் இவ்வளவுதானா என்பது அதன் சாரம். இந்த மாதம் முழுவதும் நான் பலகையில் எழுதியது ஒன்றே ஒன்றுதான், பார்த்துக்கொள் என்று போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'தலையணை உறை நாலு மிச்சமாக இருக்கிறது. வேண்டியவர்கள் வரலாம்' என்று இருந்தது. லிஃப்ட் அண்ணன் மன்னிப்புக் கேட்கக் கையைத் தூக்கியவர், தூக்கிய கையோடு நின்றுவிட்டார்.

அந்தச் செய்திக்கு மேலே, 'பேக்கரி மாடி' என்று இருந்தது.

சனிக்கிழமை காலை முதல் வேலையாகப் பேக்கரி மாடிக்கு ஏறினார். பெட்டியைத் திறந்தார். மாடிக்கு ஒன்றாகப் பத்தொன்பது ஒயர், பத்தொன்பது துளை. எந்தத் துளை வழியாக வருகிறதோ அந்த மாடியின் பெயர்தான் பலகையில் விழும். எதற்கு எது என்று அடையாளத்துக்கு மனைவியின் நகப்பூச்சில் பொட்டு வைத்திருந்தார். போன மழைக்காலத்தில் ஒருநாள் எலி கடித்த ஒயரை மாற்ற வந்தது நினைவுக்கு வந்தது. கொட்டுகிற மழையில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் டார்ச்சுமாக, ஒயரைப் பல்லில் பிடித்துக்கொண்டு மாட்டியிருந்தார். அன்றைக்குப் பேக்கரி வீட்டு ஒயரைத் தன் மாடியின் துளையிலும், தன் மாடி ஒயரைப் பேக்கரியின் துளையிலும் மாட்டிவிட்டு, எல்லாம் வேலை செய்கிறது என்று சந்தோஷமாக இறங்கிப் போயிருக்கிறார்.

பதினொரு மாதமாகப் பதினாலு வீட்டின் சங்கதிகளெல்லாம் பேக்கரிக்காரர் பெயரில் வெளிவந்திருக்கின்றன. கைக்குழந்தையின் தொட்டில் விற்றது, கால்வலிக்குத் தைலம் கேட்டது, கதை எழுதுகிறவர் 'என் கதையை யாராவது படிப்பீர்களா' என்று கெஞ்சியது எல்லாம். பேக்கரி வீட்டில் என்னதான் நடக்கிறது என்று தெரு எத்தனை நாள் யோசித்திருக்குமோ!

அது போகட்டும். 'லிஃப்ட் மாடி' என்று வந்த அந்த ஒரு வரி வந்த வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். ஒருவர் பேக்கரிக்காரர். போனில் பச்சைப் பொத்தானைத் தவிர வேறெதையும் தொடாதவர்.

இறங்கி வரும்போது படியில் அந்த அம்மாள் ரஸ்க் தட்டோடு ஒதுங்கி நின்றார். லிஃப்ட் அண்ணன் இன்று கடந்து போகவில்லை, நின்றார். பெட்டிச்சாவி கையில் இருந்தது. அம்மாள் சாவியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், தட்டைப் படியில் இறக்கிவைத்தார்.

"என் பேரை எழுதணும்னா எழுதிக்கோங்க தம்பி. பதினாலு வீட்டு மேல பழியைப் போட்டுட்டு மூணு நாளா எனக்கும் தூக்கம் இல்ல."

பிறகு மெதுவாகச் சொன்னார். சுட்ட கணக்குக்கும் விற்ற கணக்குக்கும் இடித்ததாம், தினமும் ரஸ்க் கூடுதலாக மிஞ்சியதாம். தராசைப் பாருங்கள் என்று புருஷனிடம் மூன்று தரம் சொன்னாராம். என் தராசைப் பற்றி எனக்குத் தெரியும் என்று மூன்று தரமும் ஒரே பதிலாம். "வீட்டுக்குள்ள நான் சொன்னா அது தொணதொணப்பு. பலகையில வந்தா அது சேதி. நம்ம மாடி பேரு விழுந்தா விழட்டும்னு துணிஞ்சுதான் எழுதினேன். பாத்தா உங்க மாடி பேரு விழுந்திருக்கு. கடவுளே மறைச்சுக் குடுத்தாருன்னு இருந்துட்டேன்."

கடவுளின் கணக்கில் எழுதப்பட்டது தன் மழைநாள் வேலை என்பதை நினைத்து லிஃப்ட் அண்ணனுக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. பெயரைச் சொன்னால் சட்டம் சரியாகும், ஆன்டெனா நிற்கும், நாலு மணிக்கு மகள் வருவாள். ஆனால் இந்த வீட்டில் நாற்பது வருடத்துக் குடித்தனத்தில் ஒரு விரிசல் விழும். பொய்யாக வேறு பெயர் எழுதவோ அவர் கை வளையாது. படியிலேயே ஒரு நொடி கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் தெரிந்தது தராசு ஒன்றுதான். மூன்று நாளாக எழுதியவரைத் தேடினேனே தவிர, எழுதியது மெய்யா என்று பார்க்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. மெய்யாக இருந்துவிட்டால் அது பொய்த்தகவல் புகாரே இல்லை.

"தட்டை எடுத்துக்கிட்டு மெதுவா வாங்கண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தார்.

கடையில் வாத்தியார் படிவமும் பேனாவுமாகக் காத்திருந்தார். பேக்கரிக்காரர் கைகட்டி நின்றார். மணி பதினொன்றரை.

"அண்ணே, அரைக் கிலோ ரஸ்க் போடுங்க" என்றார் லிஃப்ட் அண்ணன்.

"வெளையாடுறியா? பேரைச் சொல்லு."

"போடுங்கண்ணே."

பேக்கரிக்காரர் எரிச்சலோடு அரைக் கிலோ கல்லை ஒரு தட்டில் போட்டு, மறு தட்டில் ரஸ்க்கை அடுக்கினார். முள் நடுவுக்கு வந்து நின்றது. பாத்தியா என்பதுபோல் நிமிர்ந்தார். லிஃப்ட் அண்ணனோ அந்தப் பெரியவரைப் போலவே குனிந்தார். பேக்கரிக்காரரின் முகம் சிவந்தது. குனிந்தவர் எடைக்கல் தட்டுக்கு அடியில் விரலை விட்டார். கருப்பு ஒயர் ஒன்று, பெருவிரல் பருமன், மேசையின் குறுக்கே ஓடித் தட்டுக்கு நேர் கீழே வளைந்து மேடாக நின்றது. மாடியிலிருக்கிற பெரிய ஆன்டெனாவுக்குக் கடையிலிருந்து கரன்ட் கொண்டுபோகிற, தெருவின் பொது ஒயர். அதே மழைநாளில், நனையாமல் இருக்கட்டும் என்று மேசைக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசைமேல் விட்டவர் அவரேதான். கல் கீழே இறங்க முடியாமல் அதன்மேல் மெத்தையில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தது. கல்லின் பாரத்தில் கொஞ்சத்தை ஒயர் தாங்கிக்கொள்ள, மீதிக்குத்தான் ரஸ்க் ஏறியது.

ஒயரை உருவி ஓரமாக ஒதுக்கினார். கல் விழுந்த தட்டு சட்டென்று கீழே போயிற்று. ரஸ்க் தட்டு மேலே எழும்பி ஆடியது.

பேக்கரிக்காரர் ஒரு ரஸ்க்கை எடுத்துத் தட்டில் வைத்தார். முள் அசையவில்லை. இன்னொன்று. மூன்றாவது வைத்த பிறகுதான் நடுவுக்கு வந்தது. அவர் பக்கத்தில் கிடந்த மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாளா?"

"பதினோரு மாசம்ணே. தப்பு என்னுது. ஒயரை இங்க விட்டது நான்."

வாத்தியார் தன்னையறியாமல் பேனாவைத் திறந்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, ஒரு கிலோவுக்கு எத்தனை ரஸ்க் என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். லிஃப்ட் அண்ணன் அவர் கையை மெதுவாக அமுக்கினார். பேக்கரிக்காரர் முகத்தைப் பார்த்த வாத்தியாரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணக்கைப் பாதியில் விட்டார்.

"இனிமே ஒவ்வொருத்தருக்கும் மூணு ரஸ்க் கூடுதலா போடுறேன். பதினோரு மாசம் போடுறேன்" என்றார் பேக்கரிக்காரர், யாரிடமோ சொல்வதுபோல். புகார்க் காகிதத்தை வாங்கி, வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது காகிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். "யாருன்னு இப்பவும் கேக்கலாமா தம்பி?"

"வாபஸ் வாங்கின புகாருக்குச் சட்டத்துல பேரு தேவையில்லண்ணே."

"திட்டுறதுக்குக் கேக்கல. கும்புடுறதுக்குக் கேக்குறேன்."

உள்வாசலில் அந்த அம்மாள் தட்டோடு வந்து நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் அண்ணன் வாசல் பக்கமே பார்க்காமல் சொன்னார்:

"கும்புடுறதுன்னா எந்தப் பக்கம் பாத்துக் கும்பிட்டாலும் போய்ச் சேரும்ணே."

பேக்கரிக்காரர் எழுந்தார். தினமும் கடை திறந்ததும் அடுப்பு இருக்கிற உள்பக்கம் பார்த்துக் கும்பிடுவது அவர் வழக்கம். அதே வழக்கத்தில் திரும்பிக் கைகூப்பினார். உள்வாசலை அடைத்துக்கொண்டு மனைவி நின்றார்.

"என்ன இது, புதுசா?" என்றார் அந்த அம்மாள்.

"உன்னை இல்ல. தள்ளு" என்றார் பேக்கரிக்காரர்.

அம்மாள் தள்ளவில்லை. வாத்தியார் படிவத்தில் 'முதலில் எழுதியவர்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். 'பிற நடவடிக்கைகள்' என்ற இடத்தில் லிஃப்ட் அண்ணன் தன் கையால் எழுதினார்: 'ஒயர் நகர்த்தப்பட்டது. பதிவு உண்மை. தவறு எங்களுடையது.' பதினாலு வீட்டுக்கும் தானே போய், உங்களில் யாரும் இல்லை, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். துளை மாறிய கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நூல் பிடித்துக்கொண்டு படியில் நின்ற அம்மாள்வரைக்கும் போய்விடும். தன் தவறை மறைப்பதும் நல்லதாக அமைந்துவிட்டதே என்று அவருக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார், ஏணியடியில்.

அன்று நாலு மணிக்கு மகள் திரையில் வந்தாள். அம்மா கையால் சனிக்கிழமைக் கதையை நடித்துக் காட்டினாள். தராசாகவும் ரஸ்க்காகவும் பேக்கரிக்காரராகவும் அவளே மாறினாள். யார் எழுதியது என்று மகள் கேட்டதற்கு, உன் அப்பாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறார் என்று கையை உதறினாள். மகள் அப்பாவைத் திரைக்குள் கூப்பிட்டாள்.

"சின்ன வயசுல ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்காப்பா? நடுவுல சாமி கேட்டுட்டுத்தான் கீழ அனுப்புமான்னு. இப்ப நீங்கதான் அந்த சீட்டுல உக்காந்திருக்கீங்க. சொல்லுங்க."

இப்போது வாயில் ஸ்க்ரூ இல்லை. லிஃப்ட் அண்ணன் போனைச் சாய்த்து வைத்து இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டார். மனைவிக்கும் புரியட்டும் என்று கையாலும் சேர்த்தே சொன்னார்.

"எல்லாத்தையும் கேக்கும்மா. எதையும் நிறுத்தாது. கேட்டதை அடுத்தவங்ககிட்டச் சொல்லாது. அந்தக் கடைசி வேலைதான் ரொம்பக் கஷ்டம். ரெண்டு மாசத்துலயே எனக்குப் போதும்னு ஆயிடுச்சு. அது எப்படித்தான் காலங்காலமா சமாளிக்குதோ!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பேக்கரி மூடியிருந்தது. கணவனும் மனைவியும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் காலை பஸ்ஸில் போயிருந்தார்கள். ஆன்டெனாவுக்காகப் பக்கவாசல் சாவி ஒன்று எப்போதும் லிஃப்ட் அண்ணனிடம் உண்டு. முதலில் மாடிக்குப் போய், இரண்டு ஒயரையும் அதனதன் துளையில் மாட்டினார். அதன் பிறகு நிலவறைக்கு இறங்கினார்.

குட்டி லிஃப்டின் கதவைத் திறந்ததும் பத்து வருடத்து மாவு முகத்தில் கொட்டியது. உள்ளே பெரிய வியாதி ஒன்றுமில்லை. கம்பிக்கயிறு சக்கரத்தை விட்டு நழுவியிருந்தது, ஒரு உருளை துருப்பிடித்து இறுகியிருந்தது, மோட்டாருக்குப் போகிற ஒரு முனை கழன்றிருந்தது. ஒரு மத்தியானத்து வேலை. இதையா இத்தனை வருடம் தள்ளிப்போட்டோம் என்று நினைத்தபோது, இருபத்திரண்டு படியும் நினைவுக்கு வந்தது. உருளையைக் கழற்றித் தேய்த்து எண்ணெய் விட்டார். கயிற்றைச் சக்கரத்தில் ஏற்றினார். முனையை முறுக்கினார். பாரம் பார்க்க அரை மூட்டை மாவை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

லிஃப்ட் ஒரு முறை இருமியது. பிறகு ஏறியது. மேலே போய் 'டக்' என்று நின்ற சத்தம் கேட்டது. இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். நாலாவது தரம் சத்தமே இல்லை.

மாவு மூட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தார். மூலையில் சாய்த்திருந்த காலித் தட்டுகளில் ஒன்றை எடுத்துத் துடைத்து, லிஃப்டுக்குள் வைத்து மேலே அனுப்பினார். பொத்தானில் தன் விரல் பட்ட எண்ணெய்க் கறையைச் சட்டை நுனியால் துடைத்தார். தரையில் சிந்திய மாவைக் கூட்டி அள்ளினார். தலையில் படிந்ததை மட்டும் தட்ட மறந்து, பக்கவாசலைப் பூட்டிக்கொண்டு, அந்த வாரத்து வேலை முடிந்தவராகப் படியிறங்கிப் போனார்.